முழுதாகக் குணமான பிறகுதானா?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நாங்கள் தரும் தாளில், செய்யக்கூடாதவை வரிசையாக இருக்கும். எடை தூக்கக்கூடாது, உப்பைக் கூட்டக்கூடாது, தனியே நடக்கக்கூடாது. எங்கே செல்லலாம், எதைக் கண்டு மகிழலாம் என்று ஒரு வரிகூட அதில் இருப்பதில்லை. இது எங்கள் குறையே. அதன் விளைவை மறுபரிசோதனைக்கு வரும் குடும்பங்களிடம் காண்கிறோம். "வெளியே எங்கேனும் சென்று வந்தீர்களா?" என்று கேட்டால், "முழுதாகக் குணமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கின்றனர். இதயச் செயலிழப்பு, பக்கவாதம், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவற்றோடு வாழ்பவர் பலருக்கு அந்த நாள் வருவதேயில்லை. வராத நாளுக்காகக் காத்திருந்து, வந்துபோகும் நல்ல நாள்களை இழக்க வேண்டா என்பதே எங்கள் கருத்து.

இதை எழுதுகையில் எங்கள் மனத்தில் இருப்பது பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் விரிந்துள்ள அலையாத்திக் காடு அது. பெயருக்கேற்ப அங்கே அலை அடங்கிவிடுகிறது. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின் வேகத்தைக்கூடத் தணித்து, பின்னிருந்த சிற்றூர்களுக்கு இக்காடு காப்பாக நின்றது. சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் வளைந்து இறங்கும் கால்வாய்களில் படகு குலுங்காமல் செல்லும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் வந்திருக்கும்.

விசைப்படகை விடத் துடுப்புப் படகே நல்லது. இயந்திர ஒலி கேட்டால் கொக்கும் நாரையும் எழுந்து பறந்துவிடும். துடுப்பின் ஓசைக்கு அவை அவ்வளவாக அஞ்சுவதில்லை. சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்தை அருகிலிருந்தே பார்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. படகைச் செலுத்துபவர் வேறொருவர். மாதக்கணக்கில் தூக்கியும் துடைத்தும் ஊட்டியும் ஓயாத பராமரிப்பாளரின் கைகள் அந்த ஒரு மணி நேரம் மடியில் கிடக்கலாம். மருந்துப் பெட்டியைப் பற்றியே பேசிவந்த இருவர், ஒரே மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பக்கவாதத்திற்குப் பின் சொற்கள் வராமல் திணறிய ஒரு பெரியவரை அவருடைய மகள் அவ்வாறு அழைத்துச் சென்றார். இடுப்பளவு நீரில் இருளர் சிலர், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். பெரியவர் வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்தார். அப்போது படகருகே ஒரு மீன் துள்ளியது. "மடவை" என்றார் அவர், தெளிவாக. இதைச் சிகிச்சையின் வெற்றி என்று நாங்கள் சொல்லமாட்டோம். அடுத்த பேச்சுப் பயிற்சியில் மீன் படத்தைக் காட்டியபோது பழையபடியே திணறினார். ஆயினும் மகள் அந்த ஒரு சொல்லை எங்களிடம் மூன்று முறை சொன்னார்.

அச்சத்திற்கு இடமே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. கல்லீரல் நோய் உள்ளவர்களும் ஆறாத புண் உள்ளவர்களும் கழிமுக நீரில் கைகால்களை நனைக்கவே கூடாது. உவர்நீரில் வாழும் சில கிருமிகள் புண் வழியே புகுந்து உயிருக்கே கேடு விளைக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் சிப்பி படிந்த வேர்களைத் தொடாதிருக்க வேண்டும். தில்லை மரமும் அங்குண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும். வலிப்பு நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் படகேற வேண்டா. மிதவை அங்கியை அனைவரும் அணிய வேண்டும். புகைப்படத்திற்காகக் கழற்றுவது நாம் அடிக்கடி காணும் அசட்டுத்தனம். நீர் பிரியும் மாத்திரை உண்பவர்கள், படகில் கழிப்பறை இல்லையே என்று அன்றைய மாத்திரையையே விட்டுவிடுகின்றனர். விடாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று எங்களைக் கேளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சிற்றுண்டியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

படித்துறையில் இறங்கி ஏற இயலாதவர்களுக்கு, வீட்டருகே ஓர் ஏரிக்கரையும் மடக்கு நாற்காலியும் போதும். தூண்டில் போட்டு அமர்ந்திருக்கும் சிறுவனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மருத்துவர் அனுமதிச்சீட்டுத் தேவையில்லை.

அடுத்த மறுபரிசோதனைக்கு வருகையில் அந்தத் தாளை எடுத்து வாருங்கள். அதன் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. எங்கே செல்லலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம், உடன் என்ன கொண்டுசெல்ல வேண்டும் என்பதை உங்களோடு அமர்ந்து அங்கே எழுதித் தருகிறோம்.