மண்டைமேல் அச்சிடும் மசி

காகிதத்தில் மசியைப் பதிப்பதே அச்சுத்தொழில் என்று எண்ணிவந்த நமக்கு, மனிதனுடைய மண்டையின்மீதே அச்சிடும் வித்தை கைகூடியிருக்கிறது என்ற செய்தி முதலில் விநோதமாகவே தோன்றியது. 2024-ஆம் வருஷம் டிஸம்பரில், ஆஸ்டினிலுள்ள டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் நான்ஷு லூ அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவுகளை ஆராய்ந்த பிறகு, இது நம் நாட்டு நோயாளிகளை நேராகத் தொடும் விஷயம் என்று தெளிந்தோம்.

மூளையில் எழும் நுண்ணிய மின்சார அலைகளைத் தலையின் தோலிலிருந்தே பதிவு செய்யலாம் என்பதை ஜெர்மன் வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் கண்டு, 1929-இல் வெளியிட்டார். ஏறக்குறைய நூறு வருஷமாகியும் அதிலுள்ள சங்கடம் தீர்ந்தபாடில்லை. ஊழியர் ஒருவர் நாடாவால் தலையை அளந்து, புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் பசை தடவிக் கம்பிகளைப் பொருத்த வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பசை உலர்ந்தாலோ பட்ட பாடு வீண்.

மெல்லிய தகட்டில் உணர்கருவிகளை முன்னதாகவே செய்து ஒட்டிவிடலாமே என்று கேட்கலாம். தட்டைத் தாளைப் பந்தின்மேல் சுற்றினால் மடிப்பு விழுகிறதல்லவா? வளைந்த மண்டையிலும் அதே கதைதான். மயிர் வேறு குறுக்கே நிற்கிறது. ஆகவே டெக்ஸாஸ் நிபுணர்கள் மின்சாரத்தைக் கடத்தும் திரவ மசியொன்றைத் தயாரித்தார்கள். அவரவர் தலையின் அமைப்புக்கேற்பக் கம்ப்யூட்டர் இடங்களை வகுக்க, குழாய்முனை தோலைத் தொடாமலே மசியைத் தெளிக்கிறது. மசி மயிரினூடே இறங்கித் தோலை அடைந்து மெல்லிய படலமாக உலர்கிறது. இதற்கு முன் 2018-இல் மினஸோட்டா சர்வகலாசாலையார், அசையும் கையின்மேலேயே வெள்ளித் துகள் கலந்த மசியால் மின்சுற்றை அச்சிட்டுக் காட்டினார்கள். அந்த யந்திரத்தின் விலை 400 டாலருக்கும் குறைவே.

பழைய முறையில் ஆறு மணி நேரத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முனைகள் பயனற்றுப் போயின. அச்சிட்ட படலமோ 24 மணி நேரம் நிலைத்து வேலை செய்தது. சிறிது நேரப் பதிவில் வலிப்பின் அறிகுறி அகப்படாமல் போவது சகஜமாகையால், இந்த வித்தியாசம் அற்பமானதன்று.

ஆனால் பரீட்சைக்கு உட்பட்டவர்கள் யார்? ஐந்து பேர், ஐவரும் குட்டை மயிருடையவர்கள். ஆராய்ச்சியாளர்களை நாம் குறை கூறவில்லை. எந்தப் பரீட்சையும் எளிய இடத்திலேதான் தொடங்கும். எனினும் இடுப்பளவு கூந்தலும், அன்றாடம் எண்ணெய் தடவும் வழக்கமும், சித்திரை மாதத்து வியர்வையும் உள்ள தலையில் அந்த மசி எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஆஸ்டினில் இருப்பவர்கள் நமக்காகக் கண்டுபிடித்துத் தர வேண்டிய கடமை இல்லை.

உலகில் வலிப்பு நோயுள்ளோர் சுமார் 5 கோடிப் பேர் என்றும், அவர்களில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தினர் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வசிப்பவர்கள் என்றும் உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. தக்க சிகிச்சை கிடைத்தால் 70 சதவிகிதம் வரையில் வலிப்பின்றி வாழலாமாம். மசி மட்டும் நோயைத் தீர்த்துவிடாது. அலைகளைப் படித்தறியும் வைத்தியரும், தடையின்றிக் கிடைக்கும் மாத்திரையும் வேண்டும். இதை மறந்து யந்திரத்தை மாத்திரம் தருவித்துப் பூட்டி வைக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் உண்டு. நம் நாட்டிலோ பெண்களின் வலிப்பை மறைப்பது பழைய துன்பம். வலிப்பைக் காட்டி விவாகத்தை ரத்து செய்ய இடமளித்த சட்டவாசகமே 1999-இல்தான் நீக்கப்பட்டது.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் வளையும் மின்னணுக் கருவிகளுக்கென்றே தேசிய நிலையம் 2014 முதல் இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அச்சிடத் தெரிந்தவர்களும், மூளை நோய் அறிந்தவர்களும் ஒரே தேசத்தில் இருக்க, அந்நிய மசி விலைக்கு வரட்டும் என்று நாம் காத்திருப்பது எதற்கு? இவ்விரு ஸ்தாபனங்களும் கூடி இந்தப் பரீட்சையை இங்கே நடத்தச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும். நீண்ட கூந்தலுடைய பெண்களையும், வெயிலில் உழைக்கும் தொழிலாளிகளையும் கடைசியில் அல்ல, முதல் வரிசையிலேயே அதில் சேர்க்க வேண்டும்.