கல் காக்கவில்லை, வாசிப்பு காத்தது

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, போளூர் வட்டாரத்துத் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு, கடல் கடந்து வாழும் உங்களில் ஒருவன் எழுதும் மடல்.

ஊர்தோறும் ஜினாலயத் திருப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது, நல்லதுதான். ஆனால் நம்மை இத்தனை நூற்றாண்டு நிலைக்கவைத்தது கட்டடம் என்று நாம் நம்பத் தொடங்கியிருந்தால், வரலாறு அதை மறுக்கிறது. கழுகுமலைப் பாறையில் வரிவரியாகத் தீர்த்தங்கரர்கள் இன்றும் அமர்ந்திருக்கிறார்கள். மதுரையைச் சுற்றிய குன்றுகளில் சமண முனிவரின் கற்படுக்கைகளும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. சித்தன்னவாசலில் ஓவியமே மிஞ்சியிருக்கிறது. அங்கெல்லாம் வழிபட்ட குடிகள்தான் இல்லை. அவ்வளவு பெரிய மலைச்சிற்பம் ஏதும் இல்லாத நம் சிற்றூர்கள் பலவற்றில் விளக்கு அணையவில்லை. அரசர் ஆதரவு போன பின்பும் சிறுபான்மை ஒன்று தன்னைத் தானாக உணர்ந்திருக்க வேண்டுமானால், தலைமுறைதோறும் கூடிச் செய்யும் வேலை ஒன்று வேண்டும். நமக்கு அது மேல்சித்தாமூர் மடமும், பொழுது சாயுமுன் உண்பதும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழில் வாசிப்பதுமாக இருந்தது.

இதற்கு வெளியாள் ஒருவரே சாட்சி. 1880களில் கும்பகோணம் கல்லூரி ஆசிரியர் உ.வே.சாமிநாதையர் நம் சமணக் காவியமான சீவக சிந்தாமணியின் பொருள் விளங்காமல் திணறினார். அவ்வூர்ச் சமணர் வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டபோது, பல மாதமாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது என்றார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை ஒரு வீட்டில் கூடியிருந்து கேட்டு, முடித்த நாளைப் பண்டிகையாகக் கொண்டாடியிருக்கிறார்கள்! 1887இல் அச்சேறிய அவருடைய சிந்தாமணிப் பதிப்புக்குப் பின்னால் அந்த வீட்டுக் கேள்விஞானம் இருக்கிறது. புலவர்கள் கைவிட்ட நூலை வணிகரும் உழவரும் காத்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

வடநாட்டுச் சமணரோடு ஒன்றிவிட்டால் பலம் கூடுமே என்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் எல்லாரும் சேர்ந்தே 89,265 பேர்தான். அதில் சென்னையிலும் பிற நகரங்களிலும் குடியேறிய வடநாட்டு வணிகக் குடும்பங்களும் அடக்கம். 2014இல் மத்திய அரசு தந்த சிறுபான்மைத் தகுதியும் அனைவருக்கும் பொது. அவர்கள் உதவியை மறுக்கச் சொல்லவில்லை, நன்றியோடு பெறுவோம். ஆனால் சட்டம் தரும் தகுதி சலுகைக்கு உதவும். நாம் யார் என்று பிள்ளைக்குச் சொல்லித்தராது. இங்கே அயல்நாட்டுச் சமண மையங்களில் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடம் படித்து, இந்தியிலும் குஜராத்தியிலும் துதி பாடுகிறார்கள். நம் தமிழ்ச் சமணக் காவியமான நீலகேசியின் பெயரே அவர்கள் காதில் விழுவதில்லை. ஊரிலும் அதே நிலை வந்தால், அவர்கள் திரும்பிவந்து கேட்க ஓரிடமும் இராது.

ஒழுக்கம் போதும், காவியம் பண்டிதர்களுக்கு என்பாரும் உண்டு. இது வலுவான வாதம். ஒழுக்கமின்றிச் சமணம் இல்லை. ஆனாலும் ஒழுக்கத்துக்குக் காரணம் சொல்லித்தருவது எது? யசோதர காவியத்தில் அரசன் பலியிட்டது மாவினால் செய்த கோழியைத்தான். உயிரற்ற அந்தக் கோழிக்காகவும் அவனும் தாயும் பல பிறவிகள் துன்புறுகிறார்கள். கொல்ல நினைத்ததே வினை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சிறுவனுக்கு எப்படிச் சொல்வது? கதை கேளாதவனுக்குப் புலால் மறுத்தல் வெறும் சாப்பாட்டுப் பழக்கமாகிவிடும். வெளியூர் விடுதியில் ஒரே வருடத்தில் அது விட்டுப்போகும். நமக்குள்ளேயே மணம் முடித்தால் போதும் என்ற வாதமும் இங்கே அடிபடுகிறது. திருமணம் குடும்பத்தைத் தொடரச் செய்யும், நம்பிக்கையைத் தானாகத் தொடரச் செய்யாது.

ஆகவே கேட்கிறேன். அடுத்த திருப்பணி வசூலில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒவ்வோர் ஊர் ஜினாலயத்திலும் வாரம் ஒருநாள் உரக்க வாசித்துப் பொருள் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். யசோதர காவியம் சிறிய நூல், அதிலிருந்து தொடங்கலாம். பெண்களும் வாசிக்கட்டும். அயல்நாட்டில் இருக்கும் நாங்கள் செல்பேசி வழியே கேட்கிறோம். செலவில் எங்கள் பங்கைத் தருகிறோம்.