'வேண்டாம் சார்' என்பது இயல்பா?

பெண்ணுக்குப் போட்டி மனம் பிறவியிலேயே குறைவு, பண்பாடு அந்த இயல்பின் அளவுக்குத் தைத்த சட்டை என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் காட்டும் சான்று, தான் பார்த்த வீடுகளும் அலுவலகங்களும். ஆண்கள் கையில் சொத்திருக்கும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு உலகத்துப் பெண்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுத என்ன துணிச்சல் வேண்டும்!

யூரி நீசி, கென்னத் லியோனர்ட், ஜான் லிஸ்ட் மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வை அவர் புரட்டியாவது பார்த்திருக்கலாம். மூன்று மீட்டர் தள்ளி ஒரு வாளி. கையில் டென்னிஸ் பந்து. பத்து எறி. விழுகிற ஒவ்வொரு பந்துக்கும் காசு வாங்கலாம்; அல்லது முகம் தெரியாத ஒருவரோடு மோதலாம். ஜெயித்தால் மூன்று மடங்கு, தோற்றால் ஒன்றும் கிடையாது. எறியும் முன்பே எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். தான்சானியாவின் மாசாய் ஆண்களில் பாதிப் பேர் போட்டியைக் கேட்டார்கள். பெண்களில் 26 சதவீதம். மேகாலயாவில், பூர்வீக வீடு கடைசி மகளுக்குப் போகும் காசி பழங்குடியினரிடமோ பெண்கள் 54, ஆண்கள் 39. பிறவிக் குணம் என்றால் அது அங்கே மட்டும் எப்படித் தலைகீழானது?

ஹார்மோன் என்பார். அதற்கும் பதில் இருக்கிறது. காசி பிள்ளைகளையும், தந்தைவழிச் சமூகமான கார்பி பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2013-இல் வந்தது. காசி பிள்ளைகளிடம் எந்த வயதிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. கார்பி பெண்கள் பருவமடையும் வயதில் பின்வாங்குகிறார்கள். காசி பெண்ணும்தானே பருவமடைகிறாள்?

அந்த வயதில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் நான். பெரியவளானதும் பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். "இனிமே என்னடி ஓட்டம்" என்றாள் பாட்டி. மறு வருஷம் பெயர் கேட்டு வந்த வாத்தியாரிடம் நானாகவே "வேண்டாம் சார்" என்றேன். யாரும் தடுக்கவில்லை. பாட்டியின் சொல் ஒரே வருஷத்தில் என் மனசாகிவிட்டிருந்தது. பாட்டிக்கும் யாரோ சொன்னதுதான் அது. அந்த "வேண்டாம் சார்" மட்டும் இவர் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு இயற்கை என்று பெயர் வைத்துவிட்டார்.

இன்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் அவர் கட்டுரையைப் படிப்பாள். என் பாட்டி சொன்னதையே அறிவியல் சொல்வதாக நம்புவாள். அந்த வரியை அவர் திரும்பப் பெறட்டும்.