கூட்டாளிக்குக் கொடுக்கும் வாக்கு

"கல்லூரி மலரில் சீட்டாட்டமா?" என்று பேராசிரியப் பெருமக்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. சீட்டாடிக் காடு தோட்டத்தை விற்றவர்களின் கதையைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கும் கொங்கு மண்ணில் அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் காசு வைக்காமல் ஆடும் பிரிட்ஜ் வேறு வகையைச் சேர்ந்தது. 1967இல் ஆந்திர வழக்கொன்றில் ரம்மியைத் திறமையாட்டம் என்று தீர்த்த உச்ச நீதிமன்றம், அதற்கு ஒப்புமையாகக் காட்டியது பிரிட்ஜைத்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றதும் இந்த ஆட்டத்தில்தான்.

நான் வாதாட வந்தது வேறொன்றுக்காக. கூட்டாளியின் ஏலத்தை உயர்த்தும்போது நம்மில் பலர் புள்ளிகளை மட்டுமே எண்ணுகிறோம். முதலில் எண்ண வேண்டியது துருப்பை என்பது என் கருத்து.

ஆடாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். எதிரெதிரே அமரும் இருவர் கூட்டாளிகள். நால்வருக்கும் ஆளுக்கு 13 சீட்டு. ஆகவே 13 பிடிகள். எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று முன்னதாகவே ஏலம் கூற வேண்டும். 'ஒரு ஆட்டின்' என்றால் ஏழு பிடி. 'நான்கு ஆட்டின்' என்றால் பத்துப் பிடி. பத்தை எட்டினால் 'கேம்' என்ற பெரிய பரிசு உண்டு. பன்னிரண்டைக் கூறி எடுத்தால் 'ஸ்லாம்' என்ற இன்னும் பெரிய பரிசு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்பது கையை எடைபோடும் புள்ளிக் கணக்கு.

கூட்டாளி 'ஒரு ஆட்டின்' என்று தொடங்குகிறார். இன்று பரவலாக உள்ள முறைப்படி அவரிடம் ஐந்து ஆட்டினாவது உண்டு. புள்ளிகள் ஏறத்தாழ 12க்குக் குறையா. இனி நம் முறை.

விடுதியில் ஒரு மாலை என் கையில் ஐந்து ஆட்டின் இருந்தன. இஸ்பேட் ஒன்றே ஒன்று. புள்ளிகளோ வெறும் நான்கு. 'இந்தக் கைக்கு இதுவே அதிகம்' என்று அடக்கமாக 'இரண்டு' என்றேன். எதிரணியினர் நிதானமாக இஸ்பேடில் நுழைந்து, நான்கு வரை ஏறி, பத்துப் பிடியையும் எடுத்துச் சென்றார்கள். என் சீட்டுகளைப் பார்த்த கூட்டாளி, "அஞ்சு துருப்பு இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமல்லோ?" என்றான். மறுவாரம் நான்கு துருப்பும் 14 புள்ளியும் வந்தன. பழைய வெட்கம் தீர 'நான்கு' என்று ஒரே தாவாகத் தாவினேன். வலுவற்ற கை என்று எண்ணி அவன் நின்றுகொண்டான். பன்னிரண்டு பிடி வந்தது, ஸ்லாம் போயிற்று.

முதல் பிழை அடக்கத்தால், இரண்டாவது ஆரவாரத்தால். இரண்டிலும் நான் என் மனத்தைச் சமாதானப்படுத்தினேனே தவிர, அவனுக்குச் செய்தி சொல்லவில்லை.

சரியான முறை இதுதான். மூன்று துருப்பும் 6 முதல் 9 புள்ளியும் இருந்தால் 'இரண்டு'. நான்கு துருப்பும் 10 முதல் 12 புள்ளியும் இருந்தால் 'மூன்று'. கேமுக்குப் போவதா என்பதைக் கூட்டாளி முடிவு செய்வார். ஐந்து துருப்பும், வேறோர் இனத்தில் ஒற்றைச் சீட்டும், குறைந்த புள்ளியும் இருந்தால் உடனே 'நான்கு'. நான்கு துருப்போடு 13 புள்ளிக்கு மேல் இருந்தால் தாவக் கூடாது. ஜேக்கபி வகுத்த 'இரண்டு நோ டிரம்ப்' போன்ற ஏலத்தால் மெல்ல நடந்து, ஸ்லாம் உண்டா என்று கேட்க வேண்டும். வலுத்த கை மெதுவாகப் பேசும். இளைத்த கை தாவும். நிறைகுடம் தளும்பாது என்று பாட்டிமார் சொன்னது இங்கே விதியாகவே நிற்கிறது.

இளைத்த கை தாவுவது ஏன்? இரு கூட்டாளிகளிடமும் சேர்ந்து எத்தனை துருப்போ, அத்தனை பிடி வரை ஏறலாம் என்பது பிரெஞ்சுக்காரர் வெர்ன் 1960களில் எழுதிய விதியிலிருந்து பிறந்த வழிகாட்டி. பத்துத் துருப்பென்றால் 'நான்கு' வரை. நாம் தோற்றாலும், எதிரணி எடுக்கவிருந்த கேமைவிட நம் இழப்பு பெரும்பாலும் குறைவு. இவ்விதி எப்போதும் பொருந்தாது என்று 2004இல் லாரன்சும் விர்கிரெனும் ஒரு நூலே எழுதினார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தொடக்கநிலை ஆட்டக்காரனுக்கு இதைவிட நல்ல கைவிளக்கை நான் காணவில்லை.

வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் தன் வலிமையோடு துணையின் வலிமையையும் பகைவனின் வலிமையையும் எடைபோடச் சொல்கிறார். புள்ளி மட்டும் எண்ணுபவன் தன் வலிமையோடு நின்றுவிடுகிறான். துருப்பை எண்ணுபவனுக்கு மற்ற இரண்டும் புலப்படும்.

காங்கயத்தை அடுத்த கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். பிரிட்ஜ் ஏலமும் அப்படியொரு சுருக்கமொழியே. ஆனால் இங்கே துண்டுக்கு இடமில்லை. எந்த ஏலத்துக்கு என்ன பொருள் என்று எதிரணி கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். குரலாலோ முகத்தாலோ குறிப்புக் காட்டுவது முறைகேடு. எல்லோர் முன்னும் கூட்டாளிக்கு உண்மை சொல்லும் பயிற்சி இது. ஆய்வுக்கூடத்தில் இருவராய்ச் செய்யும் சோதனைக்கும் நாளை பார்க்கப்போகும் வேலைக்கும் இது உதவாதா?

நண்பர்களே, ஓய்வு நேரத்தில் நால்வர் கூடுங்கள். ஒரு சீட்டுக்கட்டும் கணக்கெழுத ஒரு நோட்டும் போதும், காசு வேண்டாம். கூட்டாளி ஏலத்தைத் தொடங்கியதும் முதலில் துருப்பை எண்ணுங்கள். பிறகு, உள்ளதை ஒரே தடவையில், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.