வாடகைக்கு எடுத்த இந்திரவிழா

சித்திரைப் பௌர்ணமி நெருங்குகிறதா என்று அறிய எங்கள் வீட்டில் எவரும் நாட்காட்டி பார்ப்பதில்லை. மாமாவின் விரல்களைப் பார்ப்போம். நகக்கண்ணில் கோதுமை மாப் பசை காய்ந்திருந்தால், வல்வெட்டித்துறை இந்திரவிழாவுக்குச் சில நாட்களே உள்ளன என்பது பொருள்.

முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தத் திருவிழாவன்று இரவு ஊர் முழுவதும் எடுக்கும் விழா அது. புகைக்குண்டு செய்வது மாமாவின் பொறுப்பு. மெல்லிய வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டுவார். பசை பூசுவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. ஒட்டு விட்டால் புகை கசியும், குண்டு எழும்பாது. எழும்பிய குண்டு நிலவொளியில் கடலுக்கு மேலே சிறு புள்ளியாகி மறையும்வரை அம்மம்மா முற்றத்தில் நின்று பார்ப்பார். கப்பல் வேலையிலிருந்து ஒருமுறை மாமா பெட்டி நிறையப் பொருள்களுடன் திரும்பினார். அம்மம்மா பெட்டியைத் திறக்கவில்லை. "இந்தமுறை குண்டு ஒட்ட நேரத்துக்கு வந்திட்டாய்" என்றார். அவ்வளவுதான்.

இன்று நிகழ்வது என்ன? வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. அலங்காரம் ஒப்பந்தக்காரருக்கு, மேடை வாடகைக்கு, பாட்டு வெளியூர்க் குழுவுக்கு. எந்த ஒழுங்கையின் ஒலிபெருக்கி பெரிது என்பதே போட்டி. ஊர்ப் பிள்ளைகள் கைகட்டி நின்று கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறார்கள். படத்தைப் பார்த்துக் கனடாவிலும் இலண்டனிலும் நாம் பெருமூச்சு விடுகிறோம்.

விழாவே வீண்செலவு என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையின் படுகொலையைக் கண்ட ஊர் இது. இத்தனைக்குப் பின்னும் அது ஓரிரவு ஒளியேற்றி மகிழ்வதைக் கணக்குப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை. என் சினம் செலவைப் பற்றியதன்று; கைகளைப் பற்றியது.

"உழைக்க ஊரில் ஆளில்லை, ஆகவே பணம் அனுப்புகிறோம்" என்று நண்பர்கள் கூறுகின்றனர். அரை உண்மை. ஆள் குறைந்தது மெய். இருக்கின்ற பிள்ளைகளுக்கு வேலையே வைக்காமல் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிக் கொடுத்தது யார்? நாம்தான். அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலைத் தன் கையால் கட்டிய ஊர் இது. 1938இல் அதனை அத்திலாந்திக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைக்கு ஓட்டிச் சென்றவர்களும் இவ்வூர் மாலுமிகளே. அத்தகைய ஊருக்கு ஒரு தாள்குண்டு ஒட்ட இயலாதா?

இந்திரவிழா எடுக்க மறந்ததால் புகார் நகரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. நாம் மறக்கவில்லை, ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம் என்று நெஞ்சு நிமிர்த்தலாம். ஆனால் பற்றுச்சீட்டு நினைவாகாது. செய்யும் கை மறந்துவிட்டால், விழா நடந்தாலும் மறந்ததே.

ஆகவே அன்பர்களே, அடுத்த சித்திரைக்குப் பணம் அனுப்புமுன் ஒரு நிபந்தனை வையுங்கள்: அதில் ஒரு பங்கு தாளுக்கும் பசைக்கும், அதனைக் கற்பிக்கும் முதியவருக்கும் போகட்டும். இயன்றவர்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நாற்காலியில் அமர்த்தாதீர்கள், பசைச் சட்டியைக் கையில் கொடுங்கள்.