தூரம் இல்லாத உலகம்



வழக்கமாக இங்கே பழைய ஸ்கூல் போட்டோ போடுவேன், இல்லையென்றால் காவிரியில் தண்ணீர் வந்த செய்தியைப் போடுவேன். இன்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காமல் கடைசிவரை படியுங்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான்.

விளையாட்டின் பெயர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். கலிஃபோர்னியாவில் உள்ள பிளிஸர்ட் என்ற நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. மாதச் சந்தா கட்டி, ஒரு கற்பனை உலகத்துக்குள் போய், ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேரோடு சேர்ந்து ஆட வேண்டும். 2010-ல் உலகம் முழுக்க 1 கோடியே 20 லட்சம் பேர் சந்தா கட்டினார்கள். 2015-ல் அது 55 லட்சம் ஆனது. அதன்பிறகு எண்ணிக்கை சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். இருபது வருஷம் தாண்டி இன்றும் ஓடுகிறது. ஆனால் பழைய ஆட்களைக் கேட்டால், "அந்த ருசி போயிடுச்சு" என்பார்கள். ஏன் போச்சு என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் நடத்திய எனக்குத் தெரிவது ஒரே காரணம்தான். அந்த உலகத்தில் தூரத்தை ஒழித்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே ஆடியிருக்கிறேன்.

2007-ல் ரிடையர் ஆனதும் டிசம்பரில் மினியாபொலிஸில் இருந்த என் சின்னவனிடம் போனேன். ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தான். வெளியே முழங்கால் அளவு பனி, வாசல் தாண்ட முடியவில்லை. "அம்மா, உனக்கு மேப்புன்னா உயிராச்சே, இதைப் பாரு" என்று பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான். எனக்காக அவனும் புதிதாக ஒரு வேடம் எடுத்தான். இரண்டு பேரும் டெல்ட்ராசில் என்ற பிரம்மாண்டமான மரத்தின் மேல் இருக்கும் ஊரில் பிறந்தோம்.

அங்கிருந்து அயர்ன்ஃபோர்ஜ் என்ற மலை நகரத்துக்குப் போக வேண்டும். ஆபர்டைன் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்து, கடல் தாண்டி மெனத்தில் துறைமுகத்தில் இறங்கி, வெட்லேண்ட்ஸ் என்ற சதுப்பு நிலத்தை நடந்தே கடக்க வேண்டும். பாதை ஓரமெல்லாம் முதலைகள். எங்களைப் போன்ற கத்துக்குட்டிகளை ஒரே கடியில் முடித்துவிடும். செத்தால் ஆவியாகி இடுகாட்டிலிருந்து நம் உடம்பு கிடக்கும் இடம்வரை நடந்து வர வேண்டும். நான் நாலு தடவை செத்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த நடையில்தான் அவன், திரையைப் பார்த்தபடியே, "அம்மா, நான் படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை" என்றான். வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோதெல்லாம் வராத பேச்சு, முதலைக்குப் பயந்து நடந்தபோது வந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் ஆட்டத்தை விடவில்லை. எனக்குச் சனிக்கிழமை காலை எட்டு மணி என்றால் அவனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி. விளையாட்டுக்குள்ளும் அந்த ஊர் ராத்திரிதான். கும்பகோணத்தில் வெயில் ஏறும்போது நான் அங்கே நிலா வெளிச்சத்தில் நடந்துகொண்டிருப்பேன். நேர மண்டலத்தை இதைவிட நன்றாக நான் வகுப்பில் நடத்தியதில்லை!

அந்த உலகத்தை அமைத்தவர்கள் நல்ல ஆசிரியர்கள். ஒரு ஊருக்கு முதல் தடவை நடந்துதான் போயாக வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்குள்ள பறவைச் சவாரி திறக்கும், அடுத்த தடவை காசு கொடுத்துப் பறந்து போகலாம். கஷ்டப்பட்டவனுக்குத்தான் சௌகரியம். கதையையும் நிலத்தில்தான் வைத்திருந்தார்கள். வெஸ்ட்ஃபால் என்று ஒரு வறண்ட ஊர். பாழான பண்ணைகள், முகமூடிக் கொள்ளைக்காரர்கள். அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டே போனால் மெதுவாகத்தான் விஷயம் புரியும். அவர்கள் ஸ்டார்ம்விண்ட் தலைநகரத்தைத் திரும்பக் கட்டிய கல் தச்சர்கள். கூலி தராமல் ஏமாற்றப்பட்டவர்கள். அந்தத் தலைநகரத் தெருக்களில் நாம் ஏற்கெனவே நடந்திருப்போம். அதனால் அந்தக் கதை நெஞ்சில் தைத்தது.

பிறகு சௌகரியங்கள் வந்தன. 2009 டிசம்பரில் ஒரு பொத்தான். அதுவரை குகைக்குப் போய்ச் சண்டை போட வேண்டுமென்றால் ஊரில் கேட்டு ஐந்து பேரைச் சேர்த்து, குகை வாசல்வரை பயணம் போக வேண்டும். இப்போது பொத்தானை அழுத்தினால் விளையாட்டே முகம் தெரியாத நாலு பேரைச் சேர்த்து நேராக உள்ளே கொண்டு இறக்கிவிடும். 2010-ல் பழைய கண்டங்களை உருமாற்றி, அதன் மேலெல்லாம் சொந்த வாகனத்தில் பறக்கலாம் என்றார்கள். முதலை கீழே புள்ளியாகத் தெரிந்தது. 2014-ல் ஆளுக்கொரு கோட்டை கொடுத்தார்கள். அவரவர் கோட்டைக்குள் அவரவர் தனியாக இருந்தார்கள்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. வேலை, குழந்தை என்று இருப்பவர்கள் ஆள் சேர்க்கவே ஒரு மணி நேரம் நிற்க முடியுமா? முதல் மாதம் நானும் அந்தப் பொத்தானைக் கொண்டாடினேன். சந்தா குறைந்ததற்கு அது ஒன்றே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். ஆடியவர்களுக்கு வயதானது, கைபேசி வந்தது. 2016-ல் வந்த லீஜன் போல நல்ல பகுதிகளும் நடுவில் வந்தன.

ஆனால் யாரும் நடக்காத நிலத்தில் சின்னக் கதையை எங்கே வைப்பது? அதனால் கதைகள் ஊதிப் பெரிதாயின. கூலி கிடைக்காத கல் தச்சர்களில் தொடங்கிய விளையாட்டு, 2020-ல் செத்தவர்கள் போகும் உலகத்துக்கே போய், அங்கே பிரபஞ்சத்தையே மாற்றி எழுதப் பார்க்கும் வில்லனைக் காட்டியது. அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவன் யாருக்கும் கூலி பாக்கி வைக்கவில்லையே!

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். பொத்தான் வந்த பிறகும் சனிக்கிழமைதோறும் ஆடினோம். இருபது நிமிஷத்தில் குகை முடியும். "சரிம்மா, குட்நைட்." நடை இல்லை, பேச்சும் இல்லை. 2011-ல் எதுவும் சொல்லிக்கொள்ளாமலே நிறுத்திவிட்டோம். அடுத்த வருஷம் அவனுக்கு ஒரு பெரிய கஷ்டம் வந்தது. அதை நான் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

2019 ஆகஸ்டில், ஆடியவர்கள் பல வருஷம் கேட்டதற்கு இணங்கி, பழைய விளையாட்டைப் பழைய மாதிரியே கிளாசிக் என்று திரும்ப விட்டார்கள். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ராக்னராஸ் என்ற நெருப்பு அரக்கனை முதன்முதலில் வீழ்த்த 2005-ல் ஐந்து மாதம் ஆனது. கிளாசிக்கில் ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லோருக்கும் விடைத்தாள் முன்பே தெரியும். நிலத்தைத் திருப்பித் தர முடிந்தது, அறியாமையைத் தர முடியவில்லை.

இருந்தாலும் மகன் கூப்பிட்டான். "வாம்மா, முதலையைப் பாத்துட்டு வரலாம்." எனக்கு அப்போது எழுபது வயது. அதே கப்பல், அதே சதுப்பு. இந்தத் தடவை ஆறு தடவை செத்தேன். அவன் பெரிய ரகசியம் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் ஸ்கூல், முட்டி வலி, வீட்டுக் கடன். ஆனால் ஒரு மணி நேரம் பேசினான்.

விளையாட்டை உருவாக்கும் வேலையில் என் மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். வழியைச் சுருக்கும் முன், அந்த வழியில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கும் அதேதான். பிள்ளையை ஸ்கூலில் விட வண்டி எடுக்கிறீர்கள், சரி. வாரத்தில் ஒரு நாள் நடத்திக் கூட்டிப் போங்கள்.

இந்த விளையாட்டை ஆடியவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். வெட்லேண்ட்ஸில் எத்தனை தடவை செத்தீர்கள் என்றும் உண்மையாகச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஜியாக்ரபி டீச்சர்