அண்டை வீட்டுப் பணம்

கானடா தேசத்துப் பங்குகளின் விலையை நிர்ணயிப்பவர் யார்? டொரான்டோ பங்கு மார்க்கெட் என்று சொன்னால் அது பாதி உண்மையே. அத்தேசத்தின் பெரிய பாங்கிகள், கானடியன் நேஷனல் ரெயில்வே, எண்ணெய்க் குழாய்களை நடத்தும் என்பிரிட்ஜ் முதலிய கம்பெனிகளின் பங்குகள் டொரான்டோவிலும் நியூயார்க்கிலும் ஏககாலத்தில் விற்கப்படுகின்றன. ஓரிடத்தில் விலை சற்று ஏறினால், மலிந்த இடத்தில் வாங்கி ஏறிய இடத்தில் விற்று லாபமடையப் பலர் காத்திருக்கின்றனர். ஆகவே நாணய மாற்று விகிதத்தைக் கணக்கிட்டால் இரு விலைகளும் அநேகமாக ஒன்றே. வார நாளில் வரும் கானடா தினத்தன்று டொரான்டோ கதவடைத்திருக்கும். நியூயார்க்கோ அன்றும் கானடியப் பங்குகளுக்கு விலை கூறிக்கொண்டிருக்கும்!

எதிர்த்திசையில் கானடியரின் பணமும் அமெரிக்காவுக்குப் போகிறது. ஆனால் அந்த மகா சமுத்திரத்தில் அது கலந்த சுவடே தெரிவதில்லை.

அந்நியர் பணம் வருவதை நாம் குறை கூறவில்லை. விருந்தாளி நினைத்தபோது எழுந்து போகலாம், வீட்டுக்காரர் மட்டும் போகலாகாது என்று சட்டம் செய்வதே நமக்கு விபரீதமாகப் படுகிறது. கானடா அப்படியே செய்தது. வரிச் சலுகை பெறும் ஓய்வுக்கால நிதிகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அந்நியச் சொத்துக்களில் போடலாகாதென்று 1971-ல் விதித்தது. அவ்வரம்பு படிப்படியாகத் தளர்ந்து 2000-ல் 25 ஆயிற்று. நோக்கம் தேசபக்திதான், அதில் சந்தேகமில்லை.

பலன் என்ன? அவ்வாண்டில் இன்டர்நெட் மோகம் அமெரிக்காவில் கரைபுரண்டது. டெலிபோன் சாதனங்கள் செய்யும் நார்டெல் என்ற கானடியக் கம்பெனியின் பங்கு 124 கானடா டாலருக்கு ஏறி, டொரான்டோவின் 300 கம்பெனிக் குறியீட்டில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அது ஒன்றே ஆகிவிட்டது. வேலியிடப்பட்ட சிறு மார்க்கெட்டில் கானடியத் தொழிலாளியின் பென்ஷன் பணம் வேறெங்கே போகும்? மோகம் தெளிந்தது. 2002-ல் அதே பங்கு ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. 2009 ஜனவரியில் கம்பெனி திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. நஷ்டம் எல்லைக்கு இருபுறமும் நேர்ந்ததே. ஆயினும் தன் பென்ஷன் சேமிப்பை உள்நாட்டிலேயே வைக்கச் சட்டத்தால் கட்டுண்டவன் கானடியன் ஒருவனே. 2005-ல்தான் அவ்விதி ஒழிந்தது.

கானடா பென்ஷன் திட்ட நிதி இன்று சொந்த தேசத்தைவிட அமெரிக்காவிலேயே அதிகம் போடப்பட்டிருக்கிறது. இது கண்டு மனம் பொறாத தொழிலதிபர் தொண்ணூறு பேருக்கு மேல், பென்ஷன் நிதிகள் உள்நாட்டில் அதிகம் முதலிடும்படி விதிகளை மாற்றவேண்டுமென்று 2024 மார்ச்சில் சர்க்காருக்குப் பகிரங்கக் கடிதம் விடுத்தனர். அவர்கள் கவலை நியாயமானது. சுதேசத் தொழிலுக்கு மூலதனம் வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் அம்மூலதனம் லாபத்தை நாடித் தானாக வரட்டும். சர்க்கார் சலுகை காட்டட்டும், சாலை போடட்டும், வரியைக் குறைக்கட்டும். பழைய வேலியை மட்டும் மறுபடி நட வேண்டாம். அதற்குள் அகப்படுவது தொழிலதிபர்களின் பணமல்ல. தள்ளாத வயதுக்கென்று ஏழை எளியவர் சேர்த்து வைத்த பணம்.